படத்தில் பறிபோன குடா

அன்பும் மரியாதையும் மாறாத அக்கா தெல்மாவுக்குத் தம்பி ஓரின் எழுதுவது. இங்கே வெர்னா சுகம், நாய் சுகம், மூட்டு அறுவை செய்த என் கால் பாதி சுகம். உன் வீட்டில் எல்லாரும் முழுச் சுகமாக இருக்க வேண்டும். பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய வண்ணப்பெட்டியை நாளைத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். வாங்கி எங்கேயாவது ஒளித்து வை.

இந்தக் கோடை முழுக்கக் கடலுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். என் சிங்கி இறால் கூண்டுகள் கொல்லையில் கிடக்கின்றன. நாற்பது வருஷமாக நான் கூண்டு போடும் குடா காலி. காலியாகக் கிடந்தால் பக்கத்துக் குடாக்காரன் நுழைந்துவிடுவான், அந்தப் பக்கத்துக் குடாக்காரன் லைல். அதனால் ஜன்னலோரம் உட்கார்ந்து காவல் காத்தேன். வெர்னாவுக்குப் பொறுக்கவில்லை. "நாள் பூரா அந்தத் தண்ணியத்தான் பாக்கப்போறீங்கன்னா, அதை வரைஞ்சாவது தொலைங்க" என்று நூலகத்தில் நடக்கும் வாட்டர் கலர் வகுப்பில் சேர்த்துவிட்டாள். தூரிகையே பிடித்தறியாதவர்களுக்கான வகுப்பு.

டீச்சர் பாஸ்டன்காரி. கடலுக்கு நீலம் பூசச் சொல்கிறாள். மெய்ன் கரையில கடல் என்னிக்கு நீலமா இருந்துச்சு? பாத்திரம் கழுவின தண்ணி நிறம்தானே. முதலில் காகிதத்தை நனைக்க வேண்டுமாம், பிறகு வானம் பூசிக் காயவிட வேண்டுமாம். அன்றைக்குப் பார்த்து மூடுபனி. ஒரு மணி நேரமாகியும் காயாமல் என் வானம் வழுக்கிக் கடலில் விழுந்தது. அலை நுரைக்குக் காகிதத்தை வெறுமையாக விட வேண்டுமாம். நான் தொடாமல் விட்ட அந்த இடம் மட்டும்தான் நன்றாக வந்தது. சரி, நம்ம குடாவாச்சேன்னு, கூண்டு யாரோடதுன்னு காட்டுற நம்ம வெள்ளை மிதவை மூணு வரைஞ்சேன். "நுரைல இது தெரியவே இல்லையே, ஓரின்" என்று சொல்லி, என்னைக் கேட்காமலே மூன்றின் மேலும் ஆரஞ்சு வைத்துவிட்டாள். ஆரஞ்சு யாரோட நிறம்? லைலோட நிறம்! ஈரப் பஞ்சால் துடைத்தேன். ஆரஞ்சு சிதறி மூன்று ஏழாயிற்று.

அதைக் கிழித்துப் போடுவதற்குள் வெர்னா சட்டம் போட்டு நூலகச் சுவரில் மாட்டிவிட்டாள். ஊரே வந்து பார்த்தது. லைல் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். "உனக்கு இவ்வளவு பெரிய மனசுன்னு இத்தனை நாளாத் தெரியாமப் போச்சேய்யா" என்றான். மறுநாள் காலை என் குடாவில் அவன் மிதவை ஏழு, எண்ணி வைத்தாற்போல. படகுத் துறையில் போய் நியாயம் கேட்டால், "நீயே வரைஞ்சு, கீழ கையெழுத்தும் போட்டிருக்கியேப்பா" என்று சிரிக்கிறார்கள். கால் தேறி நான் இறங்கும்போது கூண்டு போட எனக்கு இடம் இருக்குமா அக்கா? இனி இந்த ஜென்மத்தில் தூரிகையைத் தொட மாட்டேன். வெர்னாவிடம் நீயே பேசி என்னை அந்த வகுப்பிலிருந்து விடுவித்துவிடு, நீ சொன்னால்தான் கேட்பாள்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் குறையில்லாமல் வாழட்டும். நீ மாடிப்படியில் பார்த்து இறங்கு.

இப்படிக்கு,
நொந்துபோன தம்பி,
ஓரின்

பி.கு.: வெர்னாவிடம் ஒன்றும் பேச வேண்டாம். பெட்டியையும் அனுப்பவில்லை. காலையில் இரண்டாம் படம் முடித்தேன், லைலுடைய குடா. அதில் வெள்ளை மிதவை இருபத்து மூன்று. கையெழுத்துப் போட்டு, வெர்னா மாட்டியும் விட்டாள். பெரிய தாளாக ஒரு கட்டு உடனே அனுப்பு. அவன் குடா நம்முடையதைவிட அகலம்.