பறக்கும் பூனைக்கு அனுமதி கேட்ட கதை

அநீதி இழைக்கப்பட்டது பூனைப்பருந்துக்கு. மத்திய ஆசியாவிலிருந்து ஒரு டிக்கெட்கூட எடுக்காமல் பறந்து வந்து, திருச்சிப் பக்கத்துப் புல்வெளியில் குளிர்காலம் கழிக்கும் அந்தக் கௌரவமான பறவையை, ஸ்ரீரங்கத்து விலங்கு, பறவை அனுமதி அலுவலகம் ஒன்று பூனையாக்கிவிட்டது.

காட்டூர் பிரான்சி ஆராய்ச்சி மாணவி. ஒரே ஒரு பருந்தின் முதுகில் குட்டி ஜி.பி.எஸ். கருவியைக் கட்டிவிட்டால், அது எந்த வழியாக ஊர் திரும்புகிறதென்று கண்டுபிடித்துவிடலாம். பங்குனி வெயில் ஏறினால் பறவை கிளம்பிவிடும். அதற்கு அனுமதி கேட்டு மார்கழியில் கொடுத்த மனு என்னவாயிற்று என்று கேட்கப் போனாள்.

"நாய், பூனைப் பிரிவுக்கு அனுப்பியாச்சும்மா," என்றார் கண்காணிப்பாளர் ரங்கநாயகி. "தடுப்பூசி போட்டாச்சா?"

"மேடம், அது பருந்து!"

"முதல்ல என்ன எழுதியிருக்கீங்க? பூனை. பருந்து அப்புறம்தானே வருது? வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அப்ப குதிரைவாலி அரிசியை லாயத்துக்கு அனுப்புவீங்களா?"

"மனு கொடுங்க, பரிசீலிப்போம். ராத்திரியில கத்தாதுன்னு அக்கம்பக்கத்தார்கிட்ட ஒரு சான்று வாங்கிட்டு வாங்க."

"கஜகஸ்தான் அக்கம்பக்கமா, காட்டூர் அக்கம்பக்கமா மேடம்?"

"நிரந்தர முகவரி எதுவோ அது."

அந்த நேரம் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே கோபுரத்துக்கு மேலே ஒரு செம்பருந்து வட்டமடித்தது. அலுவலகமே எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது. ரங்கநாயகி செருப்பைக் கழற்றிவிட்டு, "ரங்கா!" என்று உருகினார்.

"இது மட்டும் பருந்தா மேடம்?"

"அபசாரம்! இது கருடன். உங்களுதுதான் பூனை."

வெளியே வந்தவளை எழுத்தர் சின்னையா தனியே கூப்பிட்டார். "எதுக்கும்மா வாதாடுறீங்க? பூனைதான்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க. காரியம் ஆகணும்ல?"

மாதா கோயில் பிரசங்கத்திலேயே எழுந்து ஃபாதரைக் கேள்வி கேட்டு மடக்கியவள் பிரான்சி. ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்: 'மேற்படி பருந்து பூனையே என உளமார உறுதி கூறுகிறேன்.'

பருந்துகள் யாரிடமும் அனுமதி கேட்காமல் வடக்கே கிளம்பிப் போய்ச் சேர்ந்த பிறகு பதில் வந்தது:

'தங்கள் உறுதிமொழி கவனமுடன் பரிசீலிக்கப்பட்டது. பூனைக்கும் பருந்துக்கும் வித்தியாசம் அறியாத ஒருவருக்குப் பறவை ஆராய்ச்சி அனுமதி வழங்க இயலாது என வருத்தத்துடன் தெரிவிக்கப்படுகிறது.'