மாப்பிள்ளை கையில் ஷேடு கார்டு வைத்த விவகாரம்

ஆம்பூர்

மதிப்பும் மரியாதையும் மிக்க குடியாத்தம் மாப்பிள்ளை நவநீதன் அவர்களுக்கு, பூர்ணிமாவின் தாய்மாமன் கோவிந்தசாமி தலை குனிந்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தை அமிர்தவள்ளியும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. அத்தை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டதால் அவள் சுகமா என்பது எனக்கே தெரியாது. நீங்கள் போனை எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பிலும் என்னைத் தடுத்து வைத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் என்பதால் எழுத்தில் பிழை இருக்காது.

உங்களுக்கு உயிரணு இல்லை, வேறு ஒருவர் கொடுத்ததை வைத்துத்தான் பிள்ளை என்று வேலூர் டாக்டரம்மா சொன்னபோது, அப்பா இல்லாத பெண்ணுக்குத் துணையாக என்னையும் நம்பி உள்ளே உட்கார வைத்தீர்கள். அந்த நம்பிக்கைக்கு நான் செய்ததை நினைத்தால் சோறு இறங்கவில்லை. இறங்கியது கொஞ்சம்தான். கொடுக்கிறவர் பேரும் தெரியாது, போட்டோவும் காட்ட மாட்டோம், அது சட்டம், ரத்த வகை, உயரம், நிறம் மட்டும் உங்களுக்குப் பொருந்துகிற மாதிரி பார்ப்போம் என்று அந்தம்மா சொன்னார்கள். என் தொழில் உங்களுக்குத் தெரியும். தோல் பதனிடும் ஷாப்பில் செலக்‌ஷன் மாஸ்டராக இருந்தவன். என் விரல் ஒரு தடவை போய் வந்தால் அந்த ஆடு எந்த வேலியில் உரசியது என்று சொல்வேன். இத்தாலிக்காரன் ஒருவன் என் விரலைப் பிடித்து அழுதிருக்கிறான். அப்படிப்பட்டவனிடம் பார்க்காமல் சரக்கு எடு என்றால் எப்படி? கட்டைப் பிரிக்காமல் நாங்கள் எடுக்கிற வழக்கம் இல்லை என்று சொன்னேன். "இது தோல் இல்ல சார்" என்றார்கள். அங்கேயே நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

மூடியும்தான் இருந்தேன். ஆனால் நிறம் என்று கேட்ட இடத்தில் நீங்கள் மாநிறம் என்று சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை மாப்பிள்ளை. மாநிறம் என்பது ஒரு நிறமா? எங்கள் லைனில் பிரவுன் என்று மட்டும் ஆர்டர் எழுதிக் கொடுத்தால் கன்டெய்னர் அப்படியே திரும்பி வரும். ஆகவே, அடுத்த தடவை வேலூருக்கு வரும்போது ஃபினிஷிங்கில் இருக்கும் ஜியாவுல்லாவிடம் ஷேடு கார்டு ஒன்று வாங்கி வந்தேன், சின்னச் சின்னத் தோல் துண்டுகளை நம்பர் போட்டு ஒட்டி வைத்திருப்பார்களே, அது. பூர்ணிமா ஸ்கேனுக்கு உள்ளே போயிருந்தாள். டியூப்லைட்டில் பார்த்தால் நிறம் ஏமாற்றும் என்று உங்களை ஜன்னல் பக்கம் நிறுத்தி, முழங்கையில் கார்டை வைத்தேன். வெயில் பட்ட கை, சரியாக வரவில்லை. வெயில் படாத இடம் வேண்டும் என்று சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொன்னேன். பெரியவர்கள் பேச்சைத் தட்டாதவர் நீங்கள், கழற்றினீர்கள். உங்கள் ஊர் நூல் வியாபாரி பெருமாள் மகளோடு உள்ளே வந்தது அப்போதுதான்.

"இன்னா நவநீதா, ஆஸ்பத்திரில சட்டையைக் கழட்டிக்கினு நிக்கிற?" என்று அவர் கேட்டதும் உங்கள் முகம் செத்துவிட்டது. அதைப் பார்த்துத் தாங்க முடியாமல் நான் எடுத்துவிட்டதுதான் அது. "எங்க மாப்ளைய டாக்டரே ஆள் அனுப்பிக் கூப்ட்டாங்க. புள்ள இல்லாதவங்களுக்குக் குடுக்க. இந்த ஜில்லாவுல இப்படி ஒரு சரக்கு கெடையாதாம்." உங்கள் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று அப்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சத்தியமாக நிமிர்ந்தது.

நாம் பஸ் பிடிப்பதற்குள் பேச்சு குடியாத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது. தறி ஷெட்டில் உங்களை என்னவெல்லாம் கேட்டார்கள் என்பதை எழுத எனக்குக் கூசுகிறது. காவேரிப்பாக்கத்திலிருந்து ஒருவர் பழத்தட்டோடு வந்து, பிள்ளை இல்லாத தன் மைத்துனனுக்காக டாக்டரம்மாவிடம் உங்களைச் சிபாரிசு செய்யச் சொன்னாராம். அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். உங்கள் அம்மா சாவித்திரி அம்மாள் ஒரு நாள் பூராவும் பெருமைப்பட்டுவிட்டு, மறுநாள் பூர்ணிமாவைப் பார்த்து, "எம்புள்ள ஊருக்கே குடுக்குறான். உன் வயித்துல மட்டும் ஏன் நிக்கல?" என்று கேட்டுவிட்டார்கள். நீங்கள் பக்கத்து அறையில் இருந்தீர்கள், வாய் திறக்கவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு திருப்பத்தூருக்கு, தன் அம்மா அம்பிகா வீட்டுக்குப் போய்விட்டாள்.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் வாய் திறக்க முடியாதபடி செய்தவன் நான். பூர்ணிமா எனக்கு ஒரே ஒரு போன் போட்டாள். "அவரு மானத்தக் காப்பாத்த என் மானத்த எடுத்துக் குடுத்துட்ட மாமா" என்றாள். கத்தவில்லை, அழவில்லை. பேசிவிட்டு வைத்துவிட்டாள். எத்தனையோ முதலாளிகளிடம் திட்டு வாங்கியவன் நான், எதுவும் இப்படி உள்ளே போனதில்லை.

இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் ஆஸ்பத்திரியில் மேற்கொண்டு நடக்கும். அதற்காகக் காலில் விழுந்து கேட்கிறேன். உங்கள் அம்மாவிடம் உண்மையைச் சொல்லி, பூர்ணிமாவைப் போய் அழைத்து வாருங்கள். உங்களால் முடியாவிட்டால் நானே வந்து, புளுகியவன் நான், பெண் மேல் குறை இல்லை என்று நடு வீட்டில் நின்று சொல்கிறேன். இனி இந்த விஷயம் என் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போகாது. பூர்ணிமாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது, பிள்ளைக்குக் காது குத்த என் மடிதான் முறை. அந்த மடி வேண்டாம் என்றாலும் சரி, பந்தலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிறேன். பிள்ளை வரட்டும், அது போதும்.

உங்கள் தறிகள் ஓயாமல் ஓடவும், வீடு நிறையவும் வேண்டிக்கொண்டு, முகம் காட்டத் துணியாத மாமன்,

கோவிந்தசாமி

பின்குறிப்பு: ஒட்டி முடித்த பிறகு அத்தை வாய் திறந்தாள். கவரைக் கிழிக்க மனசில்லாமல் அதன் முதுகிலேயே எழுதுகிறேன். போன வாரமே உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்களாம். அவர்களே திருப்பத்தூர் போய் பூர்ணிமாவிடம் மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தார்களாம், கையெழுத்தும் ஆகிவிட்டதாம். அம்பிகாவுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. மாமாவிடம் சொல்லக் கூடாது என்று கட்டளை போட்டது பூர்ணிமாதானாம். கெட்டிக்காரி, என் வளர்ப்பு. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள். கவர் மேல் இப்படி எழுதியிருக்கிறானே என்று பயப்படவும் வேண்டாம். தபால்காரர் நமக்கு வேண்டியவர், படித்தாலும் வெளியே சொல்ல மாட்டார்.