பூச்சி ஐயா எதற்குப் பிறந்தார்?

கனடாவில், மொன்றியலில் சலாது இலைக்குள் ஒளித்திருந்த பூச்சிகள் எல்லாம் கண்டு நடுங்கின ஒரே மனிதர் பூச்சி ஐயாதான். இலை இலையாக விரித்து, விளக்குக்கு நேரே பிடித்து, மூக்கு முட்டப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் அவருக்குத் தெரியும். அகப்பட்டதைக் கொல்லவும் மாட்டார். பனிக்காலத்தில் வெளியே விட்டால் விறைத்துச் செத்துவிடும் என்று, யன்னலோரம் இருந்த பூச்சட்டியில் கொண்டுபோய்க் குடியிருத்துவார். அந்தப் பூச்செடி ஒரு வருடமும் உருப்படவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. பார்க் அவெனியூவுக்குக் கிட்ட ஒரு மண்டபம், அதன் நிலக்கீழ்க் குசினி. யூத ஆட்களின் கலியாணங்களுக்கு அங்கேதான் சமையல். வெட்டுகிறதும் கழுவுகிறதும் தமிழ்ப் பெண்கள் நாங்கள். அவர்களின் மார்க்கத்தில் சாப்பாட்டுக்குக் கடும் சட்டம். பாலும் இறைச்சியும் ஒரே சட்டிக்குள் சந்திக்கக்கூடாது. பூச்சி வயிற்றுக்குள் போகக்கூடாது. அடுப்பை அவர்களில் ஒருவர்தான் கொளுத்தவேண்டும், நாங்கள் கொளுத்தினால் சமைத்ததெல்லாம் குப்பைக்குத்தான். இவற்றைக் காவல் பார்க்க வைத்திருந்த ஆள் ஐயா. நெஞ்சுவரை தாடி, கறுத்தக் கோட்டு, வாயில் எந்த நேரமும் ஒரு பாட்டு. அவருடைய சரியான பெயர் எங்கள் ஒருவருக்கும் வாயில் வராது.

பூச்சி தேடுகிறது அவருக்குச் சம்பள வேலை. சொந்த வேலை வேறு ஒன்று தேடுகிறது. தான் எதற்காகப் பிறந்தார் என்று தேடிக்கொண்டிருந்தார்.

அவர் சொல்கிறதை எங்களுக்குத் தமிழில் சொல்வது பிலோமினா அக்கா. மன்னார்க்காரி, கன்னியாஸ்திரிகளிடம் இங்கிலிஷ் படித்தவர். உலகம் உண்டாகிறபோது கடவுள் தன் வெளிச்சத்தைச் சில பாத்திரங்களில் ஊற்றினாராம். பாத்திரங்கள் தாங்காமல் உடைந்து, வெளிச்சம் பொறி பொறியாய் உலகம் முழுக்கச் சிதறிவிட்டதாம். ஒவ்வொரு ஆளுக்கும் பொறுக்கிக் கொடுக்கவேண்டிய பொறி ஒன்று இருக்கிறதாம். அது பெரிய காரியமாக இருக்கவேண்டும் என்றில்லை. ஒருவருக்கு ஒருதரம் ஒரு உதவி செய்வதற்காகவே எழுபது எண்பது வருடம் இருந்துவிட்டுப் போகிற ஆட்களும் உண்டாம்.

பிலோமினா அக்கா கையில் சட்டியோடு சொன்னார். "உடைக்கிறது ஒரு ஆள், பொறுக்கிறது நாங்களோ? மேலயும் இந்தக் குசினி மாதிரித்தான் போல."

ஐயா அதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்.

அவர் துணி விற்றிருக்கிறார், பிள்ளைகளுக்கு வேதம் படிப்பித்திருக்கிறார், டாக்சி ஓட்டியிருக்கிறார். அங்கெல்லாம் அவருடைய பொறி அகப்படவில்லை. ஆகவே இந்தக் குசினியில்தான், அல்லது அதைச் சுற்றித்தான் எங்கேயோ கிடக்கவேண்டும் என்று அவருக்கு முடிவு. அந்த முடிவினால் நாங்கள் பட்டபாடு கொஞ்சமில்லை. மெற்றோ ரயில் வாசல் கதவு காற்றுக்குத் தள்ள ஏலாத பாரம். ஒருநாள் ஒரு கிழவிக்கு அதைப் பிடித்துக்கொண்டு நின்றவர், பின்னால் வருகிற ஆளுக்காகத்தான் கடவுள் தன்னைப் படைத்தாரோ என்று யோசித்துவிட்டார். அதற்குப் பின்னாலும் ஆள் வந்தது. மெற்றோவில் ஆள் முடிகிறதா? இங்கே அடுப்புக் கொளுத்த ஆளில்லாமல் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தோம். இன்னொரு நாள் பனிக்குள் புதைந்த காரொன்றை மூச்சுமுட்டத் தள்ளி வீதியில் விட்டார். அது புதைந்த கார் அல்ல. காரின் சொந்தக்காரர் இடம் தேடி அலைந்து, அப்போதுதான் பாடுபட்டு அதற்குள் நிறுத்தியிருந்தார். அவர் பிரெஞ்சில் ஏசினதை மொழிபெயர்க்கப் பிலோமினா அக்காவே மறுத்துவிட்டார்.

அவரவர் வேலையைக் கண்டுபிடிக்க ஒரு குறியும் சொல்லுவார். எது உனக்குத் திரும்பத் திரும்பக் கஷ்டமாய் வந்து மறிக்கிறதோ, அங்கேதான் உன் பொறி கிடக்கிறது என்பார்.

"எனக்கு மறிக்கிறது மாமிதான். அப்ப அந்த மனிசிக்காகவோ நான் பிறந்தனான்?" என்று பிலோமினா அக்கா கேட்டார்.

ஓம் என்று தலையாட்டிவிட்டார் ஐயா. பிலோமினா அக்கா அவரோடு ஒரு கிழமை கதைக்கவில்லை.

ஐயா என்னைக் கனநாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இவளுக்கு வாய் திறப்பதுதான் கஷ்டம் என்றார். அது உண்மை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேருக்கு முன்னால் என் பெயரைக் கேட்டாலே பிலோமினா அக்காவுக்குப் பின்னால் போய் நின்றுவிடுவேன். அன்று முழுக்க வெங்காய மூட்டைக்குப் பின்னால் இருந்தே உரித்தேன்.

பிறகு அந்தப் பனிக்காலக் காலை வந்தது. பின்னேரம் கலியாணம், பெரிய கிடாரத்தில் சூப். ஐயா வந்து, பாடிப் பாடி அடுப்பைக் கொளுத்தினார். சமையல்காரர் பிறகு வந்து கிடாரத்தை ஏற்றிவிட்டுச் சாமான் எடுக்கப் போனார். யன்னலால் பார்த்த ஐயா, வெளியே ஒரு காரின் சில்லு பனியில் சுற்றுகிறதைக் கண்டார். அவ்வளவுதான், ஓடிவிட்டார். அவர் அடுப்புக் கொளுத்தினதைக் கண்டவள் நான் ஒருத்தி. மற்றவர்கள் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து அவர்களின் மதகுரு, பெரிய ராபை, சோதனைக்கு வந்து நின்றார். அடுப்பு எரிகிறது, சூப் கொதிக்கிறது, காவல்காரரைக் காணவில்லை. யார் கொளுத்தினது என்று கேட்டார். ஐயாதான், ஐயாதான் என்று எல்லோரும் மூன்று பாஷையில் சொன்னார்கள். சொல்லச் சொல்ல அவருடைய முகம் இறுகியது. வேண்டியவருக்காகச் சொல்கிற சாட்சி செல்லாதாம். வழக்கில் நிற்கிறவரின் சொல்லும் எடுபடாதாம். சூப்பைக் கொட்டவேண்டும், ஐயாவும் இனி இங்கே வேண்டாம் என்றார்.

இந்தக் குசினியை விட்டால் அந்த மனிதர் தன் பொறியை இனி எங்கே போய்த் தேடுவார்? ஆனால் வாய் வரவில்லை. நான் நிலம் துடைத்துக்கொண்டே நின்றேன்.

அப்போதுதான் ஐயா உள்ளே வந்தார். முழங்கால்வரை பனி, முகம் நிறையச் சிரிப்பு. துடைத்த நிலத்தில் நேரே சப்பாத்தோடு நடந்து வந்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"ஐயா, உங்களுக்குக் கண் தெரியாதோ? காலமை வந்து அடுப்பைக் கொளுத்திப்போட்டு, பாட்டும் பாடிக்கொண்டு, உந்தச் சப்பாத்தோட உழக்கிக்கொண்டு போனியள். அதைத் துடைச்சன். இப்ப திரும்பவும் உழக்கிறியள். நான் என்ன மிசினோ?"

நான் கதைத்ததை அங்கே ஒருவரும் அதுவரை கேட்டதில்லை. என்ன சொல்கிறாள் என்று ராபை கேட்டார். பிலோமினா அக்கா வெட்கப்பட்டு வெட்கப்பட்டுச் சொன்னார். ராபை நிலத்தைப் பார்த்தார், சப்பாத்தைப் பார்த்தார்.

"இவ நிலத்தைப் பற்றித்தானே சொல்லுறா எண்டு கேக்கிறார்," என்றார் பிலோமினா அக்கா.

"வேற எதைப் பற்றி?" என்றேன் நான். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ராபை தாடிக்குள் சிரித்தார். அவர்களின் சட்டத்தில் அப்படி ஒன்று உண்டாம். உதவி செய்ய வந்து வெளியாள் சொன்னால் எடுக்கமாட்டார்களாம். வேறொரு கதைக்குள் தன்னை அறியாமல் வாயால் விழுந்தால் அது உண்மைதானாம். சூப்பும் தப்பியது, ஐயாவும் தப்பினார்.

ஐயா பெண்களின் கை தொடமாட்டார். ஆகவே ஒரு கோலிபிளவரைத் தூக்கிக்கொண்டு ஆடினார். என் வேலை முடிந்ததாம், நான் பிறந்தது இதற்குத்தானாம்.

எனக்குப் பயம் பிடித்துவிட்டது. "அக்கா, வந்த வேலை முடிஞ்சுதெண்டால் நான் இனிச் சாகவேணுமோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ."

அக்கா கேட்டுச் சொன்னார். "கலியாணவீட்டில வேலை முடிஞ்ச ஆக்கள் என்ன செய்யிறவை? இருந்து சாப்பிடுறவை. உன்னையும் இருந்து சாப்பிடட்டாம்."

அதற்குப் பிறகும் அவர் தேடினார். சில வருடங்களில் கண் மங்கத் தொடங்கியது. மகள் நியூயோர்க்குக்குக் கூட்டிப்போக வந்தாள். கடைசி நாள், ஒரு சலாதை வழமையைவிட மெதுவாகப் பார்த்தார். அகப்பட்டதா என்று கேட்டோம். நாங்கள் கேட்டது பூச்சியை அல்ல என்று அவருக்கும் தெரியும். இல்லை என்று தலையாட்டினார். இவளின் வாயைத் திறப்பித்தீர்களே, அதுதான் உங்கள் வேலையாக இருக்கும் என்று பிலோமினா அக்கா ஆறுதல் சொன்னார். ஐயா நியாயமாக யோசித்துவிட்டு, அது அவளுடைய வேலை, நான் ஊத்தைச் சப்பாத்துத்தான் கொண்டுவந்தேன் என்றார்.

வந்த வேலையை முடிக்காதவர்கள் என்ன ஆவார்கள் என்று நானே கேட்டேன். இன்னொரு முறை பிறந்து வந்து தேடவேண்டுமாம். பிலோமினா அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு அது புதுக்கதை இல்லை.

கோயிலுக்குப் போனால் எனக்கு இனிப் பிறவி வேண்டாம் என்றுதான் கும்பிடுகிறேன். ஐயாவுக்காக அப்படிக் கேட்க எனக்கு மனம் வருவதில்லை. அந்த மனிதருக்கு அவருடைய பொறி அகப்படாமலே போயிருக்கட்டும், பிள்ளையாரே. இன்னொருக்கால் வரட்டும்.