மூன்றாம் அத்தியாயத்தை எழுதியது யார்?

"மூணாவது அத்தியாயத்தை எழுதினது யாரு?"

கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து பேராசிரியர் போனில் கேட்டதும் திருநாவுக்கரசுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தீவின் டாலிகஞ்ச் பள்ளியில் ஆறு பீரியட் இங்கிலீஷ் நடத்திவிட்டு அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றியிருந்தார்.

"நான்தான் சார்."

"பொய் சொல்லாதீங்க. முதல் ரெண்டும் ஒரு கை. மூணாவது வேற ஆளு. முப்பது வருஷமா இதுதான் என் தொழில்."

தொழில் என்று சொன்னது உண்மைதான். புகழ்பெற்ற ஆங்கில நாடகாசிரியர் ஒருவர் கடைசிக் காலத்தில், தனியாக எழுதிச் சலித்துப்போனாரோ என்னவோ, ஓர் இளையவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு சில நாடகங்கள் எழுதினார். அவற்றில் எந்த வரி யாருடையது என்று பிரித்துச் சொல்வதில் பேராசிரியர் புலி. அவரிடம் அதே விஷயத்தில் எம்.ஃபில். பண்ணத் திருநாவுக்கரசு பதிவு செய்தது 2005இல். சுனாமிக்குப் பிறகு ஊரையே திரும்பக் கட்டி முடித்துவிட்டார்கள். இவருடைய மூன்று அத்தியாயம் நாலு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்தது. இந்த மார்ச்சுக்குள் பட்டம் வந்தால் பதவி உயர்வு. வராவிட்டால் ரிட்டயர் ஆகும்வரை எட்டாம் வகுப்புப் பையன்களோடுதான் மாரடிக்க வேண்டும்.

மூன்றையும் அவரேதான் கைவலிக்க எழுதினார். துறைமுக ஆபீஸில் டைப்பிஸ்டாக இருக்கும் மனைவி அலமு சாயங்காலங்களில் டைப் அடித்துக் கொடுத்தாள். அடித்ததைத் திரும்பப் படிக்க அவருக்குத் தெம்பு இருந்ததில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார்.

"என்னவாம்?" என்றாள் அலமு, வெங்காயம் உரித்தபடி.

"மூணாவதை வேற யாரோ எழுதினாங்களாம்."

"நல்லா இல்லைன்னாரா?"

"அதைச் சொல்லலை. வேற ஆளுன்னுதான் சொன்னார்."

அலமு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

திருநாவுக்கரசு லீவு போட்டு மூன்றாவதை மறுபடி எழுதினார். அலமுவுக்கு அது கப்பல் வரும் வாரம், தலைக்கு மேல் வேலை. அதனால் ஜங்லிகாட்டில் பழனியாண்டியின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார்.

"ஃபிக்கர் மத் கரோ மாஸ்டர்ஜி, கவலையை விடுங்க. ஒரு எழுத்து மாத்தாம அப்படியே அடிச்சுத் தர்றேன்."

பத்து நாளில் போன் வந்தது.

"இது முன்னைவிட மோசம். அதே ஆளை மறுபடி பிடிச்சிருக்கீங்க."

இனி அரசாங்க முத்திரைதான் காப்பாற்றும் என்று தலைமையாசிரியரிடம் போனார். 'இதை எழுதியவர் இவரே' என்று சான்றிதழ் வேண்டும். எல்லா ஆபீஸிலும் உள்ள வழக்கப்படி, "நீங்களே எழுதிட்டு வாங்க, சைன் பண்றேன்" என்றார் தலைமையாசிரியர். எழுதி, சீல் குத்தி, ஸ்பீட்போஸ்டில் அனுப்பினார்.

"சான்றிதழையும் அந்த ஆளே எழுதியிருக்கான்!" என்று கத்தினார் பேராசிரியர்.

திருநாவுக்கரசுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வழிதான் பாக்கி. மூன்றையும் ஒரே கடையில், ஒரே மெஷினில் அடித்தால் வேறு ஆள் என்று எப்படிச் சொல்வார்? பரணிலிருந்து தன் கையெழுத்துப் பிரதிகளைத் தேடி எடுத்து, தூசி தட்டி, முதல் இரண்டையும் பழனியாண்டியிடமே கொடுத்து அடித்து அனுப்பினார்.

இந்தத் தடவை பேராசிரியர் குரல் சாந்தமாக இருந்தது.

"இப்ப மூணும் ஒரே கை."

"அப்பாடா! தேங்க்ஸ் சார்."

"இருங்க. மூணுமே அந்த வேற ஆளோட கை. மொதல்ல எனக்கு வந்த ரெண்டு அத்தியாயத்தை யார் எழுதினாங்களோ அவங்களை வைவாவுக்கு வரச் சொல்லுங்க. பட்டம் அவங்களுக்குத்தான்."

போன் வைக்கப்பட்டது. திருநாவுக்கரசு நாற்காலியில் அப்படியே சரிந்தார். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"நாலு வருஷம் போச்சு அலமு. நான் எழுதினதை நான் எழுதலைங்கறார். அந்த ஆளுக்குப் பைத்தியம்."

அலமு காபியை அவர் முன்னால் வைத்தாள்.

"பைத்தியம் இல்லீங்க. நீங்க எழுதினதை எழுதினபடியே நான் அடிச்சது அந்த மூணாவதை மட்டுந்தான். அந்த வாரம் நமக்குள்ள பேச்சுவார்த்தை இல்லையே."