காலண்டர் அட்டையில் ஒரு பேக்கிங்

புது மாப்பிள்ளையிடம் மாமனார் வீட்டில் யாரும் "வேண்டாம்" என்று சொல்ல மாட்டார்கள். இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டாலும் சரி, லாரி இன்ஜினைக் கழற்றப் போகிறேன் என்றாலும் சரி, ஒரே பதில்தான்: "உங்க இஷ்டம் மாப்பிள்ளை." இந்த மரியாதை எவ்வளவு ஆபத்தானது என்று எனக்குத் தலைப்பொங்கலில்தான் தெரிந்தது.

மாமாவுக்கு மன்னார்குடிப் பக்கம் கொஞ்சம் நிலம், ஒரு பழைய லாரி. அவரே ஓட்டுவார். அந்த வருஷம் பாலக்காட்டு மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் முதன்முதலாக அவரிடம் வைக்கோல் கேட்டிருந்தார். இந்த லோடு சொன்னபடி வந்து சேர்ந்தால் இனி எல்லாமே உங்களிடம்தான் என்று பேச்சு. காணும் பொங்கலன்று காலையில் வைக்கோல் ஏற்றி, கயிறு கட்டி, லாரி கிளம்பத் தயாராக நின்றது. அப்போதுதான் இன்ஜின் மேல்மூடியின் ஓரத்தில் ஆயில் கசிவதைப் பார்த்தோம். மூடிக்கு அடியில் ஆயில் கசியாமல் இருக்க வைக்கும் அட்டை, அதாவது பேக்கிங், போய்விட்டது.

மாமா அலட்டிக்கொள்ளவில்லை. "தஞ்சாவூர் பைபாஸ்ல நம்ம மெக்கானிக்கை வரச் சொல்லிட்டேன். அதுவரைக்கும் ஆயிலை ஊத்திக்கிட்டே போயிடலாம்" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு கரும்பு தின்றிருக்கலாம். ஆனால் நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. (படித்து முடித்து நான் கழற்றிய ஒரே இயந்திரம் எங்கள் வீட்டு மிக்ஸி. அது அப்புறம் ஓடவே இல்லை.) "இதுக்குப் போய் மெக்கானிக்கா மாமா? சின்ன வேலை, நானே முடிச்சுடறேன்" என்றேன்.

மாமா லாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் என் மனைவி செல்வி, வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். "உங்க இஷ்டம் மாப்பிள்ளை" என்றார் மாமா.

மூடியைக் கழற்றினேன். பழைய பேக்கிங் பொடிப்பொடியாகக் கையோடு வந்தது. பொங்கல் என்பதால் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. வீட்டுக்குள் போனேன். சுவரில் புது வருஷத்துத் தினசரி காலண்டர். கெட்டியான அட்டை.

"அத்தை, இந்தக் காலண்டரை எடுத்துக்கட்டுமா?"

நல்ல நேரம் பார்க்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்த மாமியார், "உங்களுக்கு இல்லாததா, எடுத்துக்குங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவர் கொல்லைக்கு வந்தபோது தேதிக் கட்டு துவைக்கிற கல்லில் கிடந்தது. முருகன் படம் மட்டும் தனியாகச் சுவரில் சாய்ந்திருந்தது. (சாமி மேல் கத்தரி படாமல்தான் வெட்டினேன்.) அட்டை ஒரு சாண் போதவில்லை. எனக்கு எடுத்துக் கொடுத்த பொங்கல் வேட்டியின் பெட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி ஒட்டுப் போட்டேன். பிறகு போல்ட்டுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன்.

"போதுங்க, மூடி வளையுது" என்றாள் செல்வி.

"இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம். உனக்குப் புரியாது."

வண்டியை ஸ்டார்ட் பண்ணினோம். ஒரு சொட்டு கசியவில்லை. மாமா குனிந்து பார்த்துவிட்டு, "பரவால்லயே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. யாரும் கூப்பிடாமலே கேபினில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அதற்குள் காலண்டர் அட்டை ஆயிலில் நன்றாக ஊறி, ஒட்டுப் போட்ட இடத்தில் பிய்த்துக்கொண்டது. ஆயில் ஒழுகி, கொதிக்கிற சைலன்சர் குழாயில் விழுந்தது. கேபின் முழுக்க வெள்ளைப் புகை, இரண்டு ஜன்னல் வழியாகவும் வெளியே. மேலே மாடி உயரத்துக்கு வைக்கோல். வைக்கோல் வண்டி கரண்ட் கம்பியில் உரசிப் பற்றியெரிந்த கதை இல்லாத ஊர் எங்கள் பக்கம் கிடையாது.

"வைக்கோல் வண்டி பத்திக்கிச்சு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அவ்வளவுதான். ரோட்டோரத்து வீடுகளிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் வந்தது. ஓட்டலிலிருந்து அரிசி கழுவிய தண்ணீர் வந்தது. கேட்டில் நின்ற தண்ணீர் டேங்கர்காரர் ஹோஸையே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். மாமா இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். "தீ இல்லைங்க, வெறும் ஆயில் புகைங்க. ஊத்தாதீங்க."

"நீங்க பதட்டப்படாதீங்கய்யா, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லி இன்னும் ஊற்றினார்கள். குறுக்கே போய் நின்ற என் மேலும் ஊற்றினார்கள். கேட் திறந்தபோது காய்ந்த கட்டு ஒன்றுகூட இல்லை. இன்ஜின் மட்டும் நனையாமல் நிம்மதியாகப் புகைந்துகொண்டிருந்தது.

நனைந்த வைக்கோல் பாலக்காடு போவதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். திரும்பினோம். மாமா பண்ணைக்காரருக்குப் போன் போட்டு, இன்றைக்கு லோடு வராது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மாப்பிள்ளையைத் திட்ட முடியாதே. யோசித்து யோசித்து, கடைசியில் மாமியாரிடம் சொன்னார்: "இந்த வருஷக் காலண்டர் அட்டை சரியில்லை. போன வருஷத்துது நல்ல கெட்டி."

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

முழுக் கதையையும் கேட்ட பண்ணைக்காரர் சிரித்த சிரிப்பில்தான் மாமா பிழைத்தார். அடுத்த வாரம் நிஜமான பேக்கிங்கோடு வேறு லோடு போனது. இன்றும் அவர்தான் வாங்குகிறார். போன் எடுத்தால் வைக்கோலை விசாரிப்பதற்கு முன், "மருமகன் வண்டியில கை வெச்சாரா?" என்று விசாரிக்கிறார்.

வருஷா வருஷம் மாமா எங்களுக்கும் ஒரு காலண்டர் கொடுத்தனுப்புவார். தேதிக் கட்டு மட்டும் சணலில் கோத்து வரும். ஒருமுறை துணிந்து கேட்டேன், "மாமா, அட்டை?"

துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அதே பழைய மரியாதையோடு சொன்னார்: "அது வேண்டாம் மாப்பிள்ளை."