காய்க்காத மரங்களை ஒழித்த வரலாறு

பேரீச்சை மரம் இந்தப் பூமியில் தோன்றிய நாளிலிருந்து அதற்கு நடந்த மிகப் பெரிய நன்மை, ஓமானில் எங்கள் மலையடிவாரத்து ஊரில் 'பேரீச்சை மேம்பாட்டு அலுவலகம்' திறக்கப்பட்டதுதான். இதை மிகுந்த அடக்கத்தோடு சொல்கிறேன். அதன் துணை அதிகாரி ஹிலால் என்பவன் நான்தான்.

இயக்குநர் தாலிப் தலைநகரில் பயிற்சி பெற்றவர். அவர் கூட்டிய முதல் கூட்டத்தில் எங்கள் ஊரின் முந்நூற்று ஐந்து மரங்களின் 'செயல்திறன் அறிக்கை' சுவரில் ஒளிர்ந்தது. அதில் ஐந்து மரங்களுக்கு விளைச்சல் பூஜ்யம்.

"இந்த அஞ்சும் என்னதான் பண்ணுது?"

"தண்ணி குடிக்குதுங்க ஐயா," என்றேன்.

இயக்குநரைத் தவிர அங்கிருந்த எட்டுப் பேரும் தோப்பில் பிறந்து வளர்ந்தவர்கள். அந்த ஐந்தும் ஆண் மரங்கள். அவற்றின் பூவை வெட்டிப் பெண் பாளைக்குள் வைத்துக் கட்டாவிட்டால் ஊரில் ஒரு காய்கூடப் பழுக்காது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆண் பூவை எங்கள் ஊரில் யாரும் விற்பதில்லை, கேட்டவருக்கு இல்லை என்பதுமில்லை. விற்காததற்கு ரசீது இல்லை. ரசீது இல்லாதது அறிக்கையில் வராது. பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும் என்று ஒவ்வொருவரும் தட்டிலிருந்த பேரீச்சம்பழத்தை மென்றுகொண்டிருந்தோம். காப்பி மூன்றாம் சுற்று வந்ததும், வழக்கப்படி கோப்பையை ஆட்டிப் போதும் என்று காட்டினோம். இயக்குநர் அதை 'ஏகமனதாக நிறைவேறியது' என்று குறித்துக்கொண்டார்.

உத்தரவை எழுதும் பெருமை எனக்குக் கிடைத்தது. 'தண்ணீர் குடித்தும் காய் தராத எதுவும் இவ்வூரில் நிற்கலாகாது.' எழுதி முடித்து இரண்டு தடவை படித்து ரசித்தேன்.

மறுநாள் என் மனைவியின் தம்பி ஹாரிப் வந்தான். ஊர் மரங்களில் ஏறிப் பூக்கட்டுபவன் அவன். அவனுக்கென்று நாற்பது மரங்கள். வருஷம் முழுக்க அவன் வீட்டுச் சாப்பாடு அதில்தான்.

"மச்சான், அது ஆம்பள மரம். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மாப்ள. படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லயே."

"ஒரு கட்டம் போட்டுக்குங்க."

"கட்டம் போடறதுக்குத் தனிப் படிவம் இருக்கு. அது இன்னும் அச்சாகி வரல."

"நான் மரத்து மேல இருப்பேன், நீங்க கீழ நின்னு பூவ எடுத்துக் குடுப்பீங்க. மறந்து போச்சா?"

"அப்ப நான் அதிகாரி இல்லயே மாப்ள."

ஐந்து மரங்களும் உரிய மரியாதையோடு வெட்டப்பட்டன. சுற்றுவட்டாரம் முழுவதும் அதே உத்தரவு.

வசந்தத்தில் பாளைகள் வெடித்தன. நான் சும்மா இருக்கவில்லை. 'வெளியூரிலிருந்து ஆண் பூ வாங்குதல் - மிக மிக அவசரம்' என்று கோப்பு அனுப்பினேன். வெடித்த பாளை ஒரு வாரம் காத்திருக்கும். என் கோப்பு நாற்பத்தோரு நாளில் திரும்பியது. அவசரம் என்பதால்தான் அவ்வளவு சீக்கிரம். ஹாரிப் மலையைத் தாண்டிப் போய் ஒரு கட்டுப் பூவோடு வந்தான். அதற்குள் அவன் மரங்களில் பூ கருகிவிட்டது.

கோடையில் குலை நிறைய விரல்நுனி அளவில் பச்சைப் பிஞ்சுகள். உள்ளே விதை இல்லை, பழுக்கவும் இல்லை. இயக்குநர் 'விதையில்லாப் பேரீச்சை: ஒரு புரட்சி' என்று அறிக்கை எழுதி, பதவி உயர்வோடு தலைநகர் திரும்பினார். எனக்கும் ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

பெருநாளன்று ஹாரிப் வீட்டுக்குப் போனேன். விருந்தாளிக்கு முதலில் பேரீச்சை, பிறகுதான் காப்பி. தட்டில் அந்தப் பச்சைப் பிஞ்சுகளே இருந்தன. மறுக்க முடியாது. மூன்றைத் தின்றேன். நாக்கு மரத்துப்போனது. வெட்கமாக இருந்தது.

"நாளைக்குத் துறைமுகத்துக்குக் கிளம்பறேன் மச்சான். மீன் பெட்டி ஏத்தற வேலை," என்றான். பிறகு காப்பியை ஊற்றிக்கொண்டே கேட்டான்: "உங்க உத்தரவு இன்னும் அமல்ல இருக்கா?"

"இருக்கு."

"அப்ப காப்பியே குடிங்க. தண்ணி குடிச்சும் காய்க்காததத்தான வெட்டச் சொல்லியிருக்கீங்க? காப்பியப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல."

உத்தரவில் அந்த ஓட்டையை விட்டுவைத்தவனும் நானே. கோப்பையை நீட்டினேன்.