கையை மீறிய காரணம்

தோற்றே தீருவது என்று முடிவு செய்தேன். அறுபத்து மூன்று வயதில் எடுக்கிற சபதமா இது என்று கேட்பீர்கள். கல்யாணமான நாளிலிருந்து ஜெயிக்கலாம் என்று இறங்கிய எதிலும் நான் ஜெயித்ததில்லை. தோற்பது மட்டும் எனக்குக் கைவந்த கலை. இந்த ஒரு தடவையாவது தெரிந்த வித்தையை எனக்குச் சாதகமாகப் பயன்படுத்தக் கூடாதா?

விஷயம் இதுதான். நானும் என் மனைவி செர்வாவும் அமெரிக்காவில், வூஸ்டர் நகரத்தில், பதினாறு வருஷம் இருந்தோம். இருவருக்கும் கிரீன் கார்டு உண்டு. அங்கே நான் ஒரு முதியோர் இல்லத்தில் அழுக்குத் துணி வண்டி தள்ளினேன். குளிர்காலத்தில் விடிவதற்குள் வாசலில் பனி அள்ளினேன். போன வருஷம் மார்ச்சில் செர்வாவின் அண்ணன் இறந்துபோனார். மூன்று வாரத்தில் திரும்பிவிடலாம் என்று கானாவில் எங்கள் சொந்த ஊரான குமாசிக்கு வந்தோம்.

பத்தொன்பது மாதம் ஆகிவிட்டது.

எங்கள் ஊரில் செத்துப்போவது சுலபம், அடக்கத்துக்குத் தேதி வைப்பதுதான் கஷ்டம். மச்சானைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு ஐந்து மாதம் தேதி பேசினார்கள். அப்புறம் அடக்கம். அப்புறம் நாற்பதாம் நாள். அப்புறம் வருஷ நினைவு. அதற்குள் ஊர் எனக்கு ஒட்டிக்கொண்டது. வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவனை இங்கே 'போர்கா' என்பார்கள். போர்காவுக்கு எந்தச் சாவு வீட்டிலும் முன்வரிசை நாற்காலி. சனிக்கிழமை தோறும் கறுப்புத் துணியைத் தோளில் போர்த்திக்கொண்டு நான் பந்தலுக்குள் நுழைந்தால், ஒலிபெருக்கிக்காரர் "அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் போர்கா யாவ் அம்போன்சா அவர்கள்" என்று மூன்று தடவை சொல்வார். அழுகிறவர்கள்கூட அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். வூஸ்டரில் பதினாறு வருஷத்தில் என் பெயரைச் சரியாகச் சொன்னவர் ஒரே ஒருவர்தான். அவரும் மறுநாள் மறந்துவிட்டார்.

அப்படி நான் ராஜாவாக இருந்த நேரத்தில்தான் வூஸ்டரிலிருந்து எங்கள் மகள் ஃபிரேமா கூப்பிட்டாள். இரட்டைக் குழந்தை பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது.

"அப்பா, நான் வேலைக்குத் திரும்பணும். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது வந்தாகணும்."

"வரலாம்மா. ஆனா கார்டுதான் செத்துப்போச்சே."

"சாகல. ஒரு வருஷத்துக்கு மேல வெளிய இருந்தா வெறும் கார்டு மட்டும் போதாது, அவ்வளவுதான். அக்ராவுல அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய், நாங்களா தங்கல, எங்க கையை மீறின காரணம்னு காட்டணும். ரெண்டு பேரும் போங்க. யாருக்கு அனுமதி கிடைக்குதோ அவங்க வாங்க."

நான் செர்வாவைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு பெருமூச்சு விட்டாள்.

"பனி பார்த்து எவ்வளவு நாளாச்சு," என்றாள்.

என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அன்று சாயங்காலமே அவள் பரண்மேலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் துடைக்க ஆரம்பித்தாள்.

அடுத்த தெரு பிரெம்பேயிடம் யோசனை கேட்டேன். கள்ளுக் குடுவையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டால் அவனுக்கு உலகச் சட்டமெல்லாம் அத்துப்படி.

"நீ உண்மையைச் சொல்லு, அது போதும்," என்றான். "ஊர் புடிச்சுது, தங்கிட்டேன்னு சொல்லு. மறு நிமிஷம் வெளிய அனுப்பிடுவாங்க."

"செர்வாவுக்குக் கிடைக்கணுமேடா."

"அதுக்கென்ன? அண்ணன் செத்தாரு. குடும்பத்துப் பெரியவங்க தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்டாங்க. கூடப் பொறந்தவ எப்படிக் கெளம்புவா? அழுதுகிட்டே சொன்னா கல்லும் கரையும். அவ அங்க போய்ப் புள்ளைங்களைப் பார்க்கட்டும். நீ இங்க நாற்காலியைப் பார்த்துக்கோ."

வீட்டுக்கு வந்து செர்வாவுக்குப் பாடம் எடுத்தேன். பள்ளிக்கூடப் பெண் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தாள்.

"பெரியவங்க தேதியைத் தள்ளிப் போட்டாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியல. சரிங்களா, ஃபிரேமா அப்பா?"

"கடைசியில மூக்கை உறிஞ்சணும்."

உறிஞ்சினாள்.

"இன்னும் கொஞ்சம் நீளமா."

நீளமாக உறிஞ்சினாள். "அப்ப நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"அதை நான் பார்த்துக்கறேன்."

"நீங்க பார்த்துக்குவீங்கன்னு எனக்குத் தெரியாதா," என்றாள் பணிவாக. அந்தப் பணிவிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பெட்டி நிறைந்துகொண்டே வந்தது. மிளகாய்த் தொக்கு நாலு பாட்டில், கருவாடு, கிழங்கு மாவு. இரண்டே நாளில் மூடிப் பூட்டிவிட்டாள். "அதைத் தொறக்காதீங்க, அடுக்கி வெச்சது கலைஞ்சிடும்," என்றாள். நான் ஏன் திறக்கிறேன்? அவள் பெட்டி. அதே வாரம் தேவாலயத்து மகளிர் சங்கத்தில் கிறிஸ்துமஸ் உடைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தாள். பன்னிரண்டு கோழிக்குஞ்சு வாங்கினாள். அமெரிக்கா போகப் போகிறவள் எதற்குக் கோழிக்குஞ்சு வாங்குகிறாள் என்று மூளையுள்ளவன் கேட்டிருப்பான். நான், தனியாக இருக்கப் போகிற எனக்கு முட்டைக்காக என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

அப்படியே ஒரு மாதம் ஓடிய பிறகு நேர்காணல் நாள் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் பெண் அதிகாரி. எங்கள் மகள் வயதுதான் இருக்கும்.

"ஐயா, பத்தொன்பது மாசம் ஏன் தங்கினீங்க?"

நெஞ்சை நிமிர்த்தினேன். "ஊர் புடிச்சிருந்துது மேடம். நானே முடிவு பண்ணினேன். என்னை யாரும் தடுக்கல."

அவள் பேனா நின்றுவிட்டது. இப்படி ஒரு பதிலை அந்த ஜன்னல் கேட்டதே இல்லை போலிருக்கிறது. எனக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம்.

"உங்க பாஸ்போர்ட்டைக் குடுங்க."

நான் செர்வாவைப் பார்த்தேன். அவள் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"கிரீன் கார்டு?"

செர்வாவைப் பார்த்தேன். எடுத்துக் கொடுத்தாள்.

"இதுல இருக்கறது உங்க கையெழுத்துதானான்னு பார்த்துச் சொல்லுங்க."

என் மூக்குக் கண்ணாடியும் அவள் பையில்தான் இருந்தது.

"பிறந்த தேதி?"

என் பிறந்த தேதி எனக்குத் தெரியும், சத்தியமாகத் தெரியும். ஆனால் முப்பத்தைந்து வருஷப் பழக்கம். கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. செர்வா சொன்னாள்.

"ஐயா, கேள்வி உங்களுக்கு."

"தெரியும் மேடம்," என்றேன், செர்வாவைப் பார்த்து.

அதிகாரி எதையோ எழுதினாள். "அமெரிக்காவுக்குத் திரும்பற டிக்கெட்டை ரத்து பண்ணினது யாரு?"

"நான்."

"நான் மேடம்," என்றாள் செர்வா. "இவருக்கு அந்த போன்ல எங்க அழுத்தணும்னே தெரியாது."

அதிகாரி அவள் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கம்மா. நீங்க ஏன் தங்கினீங்க?"

நான் அந்த மூக்கு உறிஞ்சலுக்காகக் காத்திருந்தேன்.

"நானாத்தான் தங்கினேன் மேடம்."

அதிகாரி எங்கள் விண்ணப்பத்தைப் புரட்டினாள்.

"அண்ணன் அடக்கத்துக்குத் தேதி தள்ளிப் போச்சுன்னு எழுதியிருக்கே?"

"தள்ளினதே நான்தான். மூணு தடவை. கறுப்புத் துணி நெய்து வந்தது சாம்பல் நிறமா இருந்துச்சு. பெரியவங்க எல்லாரும் இதுவே போதும்னாங்க. நான் விடல."

"உங்க கணவர்?"

"அவரு பாவம். 'போலாம் செர்வா, போலாம் செர்வா'ன்னு கெஞ்சினாரு."

"பொய் மேடம்," என்றேன். "நான் கெஞ்சவே இல்ல."

"நான் பக்கத்துல இருந்தா இப்படித்தான் சொல்வாரு," என்றாள் செர்வா வருத்தத்தோடு.

அதிகாரி கண்ணாடிக்கு அருகில் குனிந்தாள். "ஐயா, பயப்படாதீங்க. இங்க உங்களை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

"எனக்கென்ன பயம்? எங்க வீட்டுல எல்லாமே என் முடிவுதான். யார் வேணா வந்து கேட்டுப் பாருங்க."

"குரலை எறக்குங்க," என்றாள் செர்வா.

இறக்கினேன்.

அதிகாரி பேனாவை மூடினாள். முடிந்தது கதை. "ஐயா, நீங்க தங்கினது உங்க கையை மீறின காரணத்தாலதான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நீங்க திரும்பிப் போகலாம். அம்மா, உங்க விஷயத்துல எல்லாமே உங்க கையிலதான் இருந்திருக்கு. மன்னிக்கணும்."

அப்போதுதான் செர்வா மூக்கை உறிஞ்சினாள். நான் சொல்லிக்கொடுத்த அதே நீளம்.

குமாசிக்குத் திரும்பப் பேருந்து ஏறினோம். வரப்போகிற சனிக்கிழமையை நினைத்தேன். பந்தலை நினைத்தேன். ஒலிபெருக்கியை நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வேணும்னுதானே பண்ணினே?"

"என்னங்க பண்ணினேன்? நீங்க பொய் சொன்னீங்க, நான் உண்மையைச் சொன்னேன்."

"நான் சொன்னதுதான் உண்மை."

"அப்படியா? அதை அந்தப் பொண்ணே நம்பலையே."

"பனி பார்க்கணும்னு நீதானே ஏங்கினே?"

"இப்பவும் ஏங்கறேன். அள்ளும்போது ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகக் கேட்டேன். "என் நாற்காலியில யாரு உக்காருவா?"

"பார்த்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு வாழைக்காய் வறுவல் பொட்டலத்தைப் பிரித்தாள். எனக்கும் இரண்டு கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும், மிச்சமிருந்த கொஞ்ச ரோஷத்தையும் திரட்டிக்கொண்டு சொன்னேன்: "உன் பெட்டியைக் காலி பண்ணு. நான் என் துணியை வெச்சுக்கணும்."

அவள் கோழிக்குஞ்சுகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். "எதுக்கு? அப்படியே எடுத்துட்டுப் போங்க," என்று சாவியை நீட்டினாள்.

திறந்தேன். தொக்குப் பாட்டிலுக்கும் கருவாட்டுக்கும் அடியில் என் கம்பளிச் சட்டை, ஆறு ஜோடி தடித்த காலுறை, என் முதுகுவலித் தைலம், சந்தையில் வாங்கிய கையுறை ஒரு ஜோடி. போட்டுப் பார்த்தேன். என் அளவேதான்.

மூடினேன். கைப்பிடியில் அவள் கையெழுத்தில் ஒரு பெயர்ச்சீட்டு தொங்கியது: 'யாவ் அம்போன்சா, வூஸ்டர்.' எழுதி ஒரு மாதம் ஆகிவிட்டதால் மை மங்கிப்போயிருந்தது.